ஞாயிறு மேசையில் மாமா சொன்னது

சிம்போதே,
பெரு நாடு,
12 ஏப்ரல் 1998, உயிர்த்த ஞாயிறு

மருமகள் நெலிதாவுக்கு மாமா அபெலார்தோ சுங்கா எழுதுவது:

நான் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்பே, உன் அத்தை தெல்மிராவின் எதிரில், சூப் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "இந்தத் தொலைக்காட்சி ஒருநாள் நம்ம தட்டுலயே வந்து துப்பும், பாத்துக்கிட்டே இரு." அன்றைக்கு அவள் சிரித்தாள். இப்போது சிரிக்கச் சொல், பார்ப்போம்.

முதலில் உடம்பு விசாரணை. எனக்கு இரும்பு உடம்பு. இந்த வருஷ மழையில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தேன், ஒரு கீறல் இல்லை. ஏணியின் மூன்றாம் படி என்று அத்தை சொல்வாள், நம்பாதே. அவளுக்கு மூட்டுவலி. உன் மகள் யோவானாவுக்குக் குறைவில்லை, பதிமூன்று வயதில் என் தோளைத் தொடுகிறாள். உன் முதுகு எப்படி? அந்த வீட்டு எஜமானி உன்னை உட்காரவாவது விடுகிறாளா?

'ஞாயிறு மேசை' நிகழ்ச்சி நினைவிருக்கிறதா? அப்பாவின் செருப்பு அளவு என்ன என்று பிள்ளையைக் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் ஒரு கேஸ் அடுப்பு. குடும்பமே நின்று பாடும். அந்த நேரத்தில் நம் தெருவில் நாய்கூடக் குரைக்காது. இப்போது புதிதாக ஒரு தொகுப்பாளினி வந்திருக்கிறாள். போன வாரம் அண்ணியும் நாத்தனாரும் மேடையில் முடியைப் பிடித்து உருண்டார்கள். அப்புறம் ஒருவனைப் பொய் கண்டுபிடிக்கிற மெஷினில் மாட்டி, பெற்ற தாயின் எதிரிலேயே கேட்கக்கூடாததைக் கேட்டார்கள். யோவானா வாயில் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருக்கிறாள்! டிவியை அணைக்கப் போனேன். "இருங்க, அவன் பொய் சொல்றானா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டு அணைங்க" என்கிறாள் உன் அத்தை.

இந்தப் பேட்டையில் நானூறு ஆன்டெனா என் கையால் நட்டது. அந்தக் குப்பை எல்லாம் நான் நட்ட குழாய் வழியாகத்தானே இறங்குகிறது? அந்தக் குற்ற உணர்வு எனக்கு உண்டு. அதனால் 'குடும்பத் தொலைக்காட்சிப் பாதுகாப்புக் குழு' ஆரம்பித்துவிட்டேன். தலைவர் நான். ரப்பர் முத்திரை தயார். உறுப்பினர்களை இனிமேல்தான் பிடிக்க வேண்டும்.

வழக்கம்போல மாதக் கடைசி ஞாயிறு நாலு மணிக்கு மருந்துக்கடைப் போனில் யோவானா காத்திருப்பாள்.

ஆசிகளுடன்,
மாமா (தலைவர்)

*

சாந்தியாகோ,
3 மே 1998

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

உங்கள் முத்திரை உறைமேல் பட்டு, தபால்காரர் இது அரசாங்கக் கடிதமா என்று கேட்டார். அத்தையின் மூட்டுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். என் முதுகு பரவாயில்லை, சிலியின் குளிர்தான் எலும்புக்குள் போகிறது.

குழுத் தலைவருக்கு ஒரு வார்த்தை. நாடகத்தின் கடைசிப் பகுதி ஓடும்போது உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டு அத்தை தொண்டை வறண்ட கதை எனக்கு மறக்கவில்லை. இருந்தாலும் நல்ல காரியம்தான். செய்யுங்கள்.

மாமா, இனி முக்கியமான செய்தி. எனக்குக் குடியிருப்பு அனுமதி கிடைத்துவிட்டது. யோவானாவை என்னோடு வைத்துக்கொள்ள எஜமானியும் ஒப்புக்கொண்டாள். டிசம்பரில் தாக்னா வரை வந்து எல்லையில் அவளை அழைத்துக்கொள்கிறேன். மார்ச்சில் இங்கே பள்ளியில் சேர்க்கலாம். அவள் சம்மதிக்க வேண்டும், அதுதான் என் கவலை. போனில் இதைச் சொன்னேன். "யோசிக்கிறேன்" என்றாள். நான் கிளம்பிய அன்று மட்டும் அவளுக்கு அந்தக் காய்ச்சல் வராமல் இருந்து, பஸ் நிலையத்தில் ஒருமுறை அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்திருந்தால், இந்த இரண்டு வருஷம் இவ்வளவு கனத்திருக்காது.

அவள் செருப்பு அளவை எழுதுங்கள். இந்த வீட்டுப் பிள்ளைகளின் அளவு எனக்குத் தூக்கத்திலும் தெரியும். என் மகளுடையது தெரியவில்லை. உங்கள் மேசையில் என்னை உட்காரவைத்தால் அடுப்பு கிடைக்காது.

அன்புடன்,
நெலிதா

*

சிம்போதே,
7 ஜூன் 1998

அன்பு மருமகளுக்கு,

எல்லோரும் சௌக்கியம். செருப்பு அளவு முப்பத்தாறு.

உட்கார்ந்து படி. லிமாவிலிருந்து சேனலே என்னை அழைத்துவிட்டது! எழுநூறு கையெழுத்தோடு மனு அனுப்பினேன். (அறுபத்தி ஏழு. ஆனால் எல்லாம் பெரிய கையெழுத்து.) மருந்துக்கடைக்குப் போன் வந்தது. "தோன் அபெலார்தோ, உங்க குறையை நேரடி ஒளிபரப்புல வந்தே சொல்லுங்க" என்றார்கள், மரியாதையாக 'தோன்' போட்டு. கடைக்காரன் எழுந்து நின்றான்.

பயணத்துக்காகத் தெருவே சேர்ந்து கோழி வறுத்து டிக்கெட் போட்டு விற்றோம். பேதுரு திருவிழா முடிந்ததும் கிளம்புகிறேன். பக்கத்து வீட்டு ரிகோபெர்த்தோ தன் கல்யாணக் கோட்டைக் கொடுத்திருக்கிறான். "பொத்தான் போடாதீங்க, மூச்சு விட்டா பறக்கும்" என்கிறான். பொறாமை.

மாமா

*

சிம்போதே,
12 ஜூலை 1998

அன்பு மருமகளுக்கு,

சுகம், சுகம். உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

வென்று வந்தேன்! கார் அனுப்பினார்கள். (பஸ் நிலையத்திலிருந்துதான்.) முகத்தில் மாவு பூசினார்கள். மேடைக்குப் பின்னால் கையில் அட்டைப்பலகை வைத்திருந்த ஒரு பெண் என் நாலு பக்கப் பேச்சைப் புரட்டிவிட்டு, "ஐயா, உபதேசம் பண்ணினா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க. உங்க வீட்டுல நடந்தது ஏதாவது இருந்தா சொல்லுங்க, மனசுல தைக்கும்" என்றாள். சரி என்று இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினேன். எல்லாம் ஒழுக்கத்தைப் பற்றித்தான், பொதுவாக. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். ஒரு அரங்கமே எனக்காகக் கை தட்டியது, நெலிதா. ஐம்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை.

நீ இருக்கும் இடத்தில் லிமா சேனல் தெரியாதில்லையா? சும்மா கேட்டேன்.

யோவானாவுக்குக் கொஞ்சம் ஜலதோஷம். இந்த மாசம் போனுக்கு வரமுடியாமல் போகலாம்.

மாமா

*

சாந்தியாகோ,
2 ஆகஸ்ட் 1998

அன்புள்ள மாமா,

நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும்.

போன ஞாயிறு போன் செய்தேன். மருந்துக்கடைக்காரர் எடுத்து, "அவ வரமாட்டாளாம்மா" என்றார். வர முடியாதாம் என்று சொல்லவில்லை, வரமாட்டாளாம் என்றார். ஜலதோஷத்துக்கு அப்படிச் சொல்வார்களா? வழக்கமாக என்னிடம் குடும்பக் கதை கேட்கிற மனிதர், அன்றைக்கு என்னோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

மேடையில் என்ன பேசினீர்கள் மாமா? நீங்கள் நாலு பக்கம் எழுதியதை நான் அறிவேன். சேர்த்த இரண்டு வார்த்தை எது?

நெலிதா

*

சிம்போதே,
23 ஆகஸ்ட் 1998

அன்பு மருமகளுக்கு,

எல்லோரும் சௌக்கியம். மீன்மாவு ஆலைப் புகை இந்த மாதம் அதிகம், அதில் பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. வயசும் அப்படிப்பட்ட வயசு. பேச்சு ஞாபகமில்லை, விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் மறந்துவிடும்.

மாமா

*

சிம்போதே,
6 செப்டம்பர் 1998

அம்மா,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் நல்லா இருப்பீங்க.

இனிமேல் போன் பண்ண வேண்டாம். கடையில எல்லாரும் என் முகத்தையே பாக்குறாங்க. டிசம்பர்ல நான் வரல. எனக்காக தாக்னா வரைக்கும் அலைய வேண்டாம். என்னைத் திரும்பிப் பாக்கக்கூட நேரமில்லாம போனவங்களுக்கு இப்ப மட்டும் நான் எதுக்கு?

அந்த நீலச் சட்டைக்காரரையும் கேட்டதாகச் சொல்லவும்.

யோவானா

*

சாந்தியாகோ,
27 செப்டம்பர் 1998

மாமா,

யோவானாவின் கடிதம் வந்து ஒரு வாரம் யோசித்தேன், யார் இந்த நீலச் சட்டைக்காரர் என்று. இன்று தெரிந்தது.

பேராலயத்துக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவர் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். லிமாவிலிருந்து கேசட் வரவழைத்து ஞாயிற்றுக்கிழமை போடுவார். என்னைப் போல வீட்டுவேலைக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே மீன் செவிச்சே சாப்பிடுவோம். இன்று 'ஞாயிறு மேசை'. ரிகோபெர்த்தோவின் கோட்டில் நீங்கள். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "எங்க மாமா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஞாபகமில்லை என்றீர்களே.

"என் சொந்தத் தங்கச்சி மக. நாடகம் பாத்துப் பாத்துக் கெட்டவ. ஒரு ராத்திரி, நீலச் சட்டை போட்ட வியாபாரி ஒருத்தனோட கிளம்பிட்டா. பதினோரு வயசுப் பொண்ணு வாசல்ல நின்னு கத்துது. அவ திரும்பிக்கூடப் பாக்கல."

அரங்கம் கை தட்டியது. கடையிலும் தட்டினார்கள். என் மேசையில் இருந்த பெண், "பாத்தியா, இப்படியும் ஒரு பெத்தவ!" என்றாள்.

"ஆமா" என்றேன்.

மாமா, குடும்பத்தை மேடையில் ஏற்றி அவமானப்படுத்துகிறார்கள் என்றுதானே குழு ஆரம்பித்தீர்கள்? அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் நீங்கள். எல்லோரையும்விட உங்களுக்கு என்னைத் தெரியும்.

இன்னொன்று. நான் கிளம்பிய அன்று பஸ் மாலை ஆறரைக்கு. பள்ளியிலிருந்து வந்ததும் யோவானாவை நிலையத்துக்குக் கூட்டிவருவதாகச் சொன்னீர்கள். ஓட்டுநரிடம் கெஞ்சி, நிலையக் கடிகாரத்தைப் பார்த்தபடி, பதினோரு நிமிடம் பஸ்ஸை நிறுத்திவைத்தேன். நீங்கள் வரவில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று பிறகு எழுதினீர்கள். ஆனால் அவளோ, நான் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் போனதாக எழுதுகிறாள். அவளிடம் என்ன சொன்னீர்கள்?

நெலிதா

*

சிம்போதே,
18 அக்டோபர் 1998

நெலிதாவுக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் உன் முதுகு எப்படி?

உன் கடிதம் கிடைத்த மறுநாளே லிமா போனேன். அந்த அட்டைப்பலகைப் பெண்ணிடம், "நான் சொன்னது பொய், ஒளிபரப்பில் திருத்துங்கள்" என்றேன். "பிரமாதம் ஐயா! அம்மாவையும் மகளையும் கூட்டிட்டு வாங்க. மேடையிலயே சமாதானம் பண்ணி வெச்சிடலாம், நடுவுல மெஷினும் போட்டுக்கலாம்" என்கிறாள். அவள் முகத்திலேயே முத்திரையை வீசிவிட்டு வந்தேன். (வீசவில்லை. மேசைமேல் வைத்தேன். அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.)

குழுவில் இப்போது ஒன்பது பேர். என்ன கெட்டது காட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள ஒவ்வொரு ஞாயிறும் கூடி அந்த நிகழ்ச்சியைத் தவறாமல் பார்க்கிறார்கள். நான் போவதில்லை.

ஒளிபரப்பு முடிந்து நான் ஊர் திரும்பியபோது யோவானா வாசலில் நின்று, "தாத்தா, அந்த நீலச் சட்டை நெஜமா?" என்று கேட்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "டிவியில பொய் சொல்ல முடியுமா கண்ணு?" என்றேன்.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். மை சரியில்லை.

மாமா

*

சாந்தியாகோ,
8 நவம்பர் 1998

மாமா,

எனக்கு எழுத வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். அடுத்த அறையில் இருக்கிறவளுக்குக் கடிதமா என்று கேட்காதீர்கள். வாயைத் திறந்தால் உங்களுக்கு ஜோடனைதான் வருகிறது, கையாலாவது முயன்று பாருங்கள்.

டிசம்பர் 20 அன்று தாக்னா பஸ் நிலையத்தில் நிற்பேன். அவள் வந்தாலும் வராவிட்டாலும் நிற்பேன்.

நெலிதா

*

நம் வீடு,
22 நவம்பர் 1998

யோவானா கண்ணுக்கு,

கதவிடுக்கில் கடிதம் போடுகிற கிழவனைப் பார்த்துச் சிரிக்காதே.

நீலச் சட்டைக்காரன் என்று யாரும் இல்லை. முன்வரிசையில் ஒருவர் நீலச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார், அவரிடமிருந்து எடுத்தேன். உன் அம்மா ராத்திரி போகவில்லை, சாயங்காலம் போனாள். தனியாகப் போனாள், ஒரு பெட்டியோடு. உன் படிப்புக்காகப் போனாள்.

உனக்கு நான் சொன்னது, பஸ் சீக்கிரம் கிளம்பிவிட்டது, அம்மா காத்திருக்கவில்லை என்று. அம்மாவுக்குச் சொன்னது, உனக்குக் காய்ச்சல் என்று. இரண்டும் பொய். அத்தைப்பாட்டி அன்று மீன் ஆலையில் வேலையில் இருந்தாள், அவளுக்கும் தெரியாது.

நடந்தது இது. நீ இஸ்திரி போட்ட கவுனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். உன்னைக் கூட்டிப்போக ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு டிவி நாடகத்தின் கடைசி நாள். காற்றில் ரிகோபெர்த்தோ வீட்டு ஆன்டெனா திரும்பிவிட்டது. தெருவே அவன் வீட்டில்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "தோன் அபெலார்தோ, கூரையில ஏறுங்க!" என்றார்கள். ஒரு நிமிஷம் என்று ஏறினேன். கையால் பிடித்தால் படம் வருகிறது, விட்டால் போகிறது. கீழே இருந்து, "அங்கேயே! அங்கேயே! அசையாதீங்க!" என்று கத்தினார்கள். ஒரு தெருவுக்கே நான் வேண்டியிருந்தேன், கண்ணு. பிடித்துக்கொண்டே நின்றேன்.

கடைசியில் மனசு கேட்கவில்லை. கல்யாணக் காட்சி பாதியில் இருக்கும்போதே ஆன்டெனாவை விட்டுவிட்டுக் குதித்தேன். எல்லோரும் திட்டினார்கள். உன்னைக் கூப்பிடக்கூட நேரமில்லை, பஸ்ஸையாவது நிறுத்தலாம் என்று நிலையத்துக்கு ஓடினேன். ஒரு செருப்பு வழியில் போய்விட்டது. வாசலில் நுழையும்போது பஸ்ஸின் பின்விளக்கு தெரிந்தது. கையை ஆட்டினேன். அப்புறம் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அம்மா உனக்காகப் பஸ்ஸைப் பதினோரு நிமிடம் நிறுத்திவைத்தாள். அதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை.

தாத்தா

*

சிம்போதே,
18 டிசம்பர் 1998

அன்பு மருமகள் நெலிதாவுக்கு,

இந்தக் கடிதத்தை உன்னிடம் தருகிறவளை முதலில் நன்றாகப் பார்த்துக்கொள். இப்போது செருப்பு அளவு முப்பத்தேழு. வழித்துணைக்கு ரிகோபெர்த்தோவின் மனைவி தாக்னா வரை வருகிறாள். அத்தை ஒரு பனெத்தோன் கேக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அது கிறிஸ்துமஸுக்கு, பஸ்ஸிலேயே முடித்துவிடப் போகிறார்கள்.

நான் எழுதியதைப் படித்துவிட்டு யோவானா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நான் முற்றத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து நின்றாள்.

"எத்தனை நிமிஷம்னு சொன்னீங்க தாத்தா?"

"பதினொன்னு."

"டிரைவர் திட்டலையா?"

"திட்டியிருப்பான். உங்கம்மாவும் திருப்பித் திட்டியிருப்பா."

அதற்குச் சிரித்தாள். கொஞ்ச நேரம் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போறேன் அம்மாகிட்ட" என்றாள். பிறகு, "தாத்தா, நெஜமாவே குதிச்சு ஓடினீங்களா? ஒத்தைச் செருப்போட?"

"ஓடினேன்."

"அப்ப சரி" என்றாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஓடினீங்கல்ல. அது போதும்."

அன்றிலிருந்து பழையபடி என் தட்டிலிருந்து வாழைப்பழ வறுவலைத் திருடித் தின்கிறாள். நேற்று அத்தையிடம், "பாவம் தாத்தா, முயற்சி பண்ணாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மன்னிக்கச் சொல்லி உன்னைக் கேட்க மாட்டேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்கு அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிடு, தொண்டை பலவீனம். இது நிஜம்.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. பயணம் ஒன்றரை நாள், கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிற பெண் அவள். படிக்கட்டும்.

நான் ஓடவில்லை, நெலிதா. நாடகம் முடிந்து, பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து, கீழே எல்லோரும் கை தட்டும் வரைக்கும் நான் அந்தக் கூரையை விட்டு இறங்கவே இல்லை.

அபெலார்தோ